தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான், எப்படித் தேற்றுவது?

ஈரோடு பக்கத்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். தம்பிக்கு 28 வயது, எலெக்ட்ரீஷியன். ஐந்து மாதத்துக்கு முன்பு, வேலை நடந்துகொண்டிருந்த கட்டடத்தின் மாடியிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்துவிட்டது. அடி டி12-இல், அதாவது நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் கடைசியான பன்னிரண்டாவது எலும்பில். ஆபரேஷன் செய்து கம்பி வைத்தாயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. வீட்டுக்கு வந்து சில மாதம் ஆகிறது. "எல்லாரும் பாசிட்டிவா இருன்னு சொல்றாங்க. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறான். மோட்டிவேஷன் வீடியோ அனுப்பினா போனைத் தூக்கிப் போடறான். இனி நடக்க முடியாதுன்னு சொல்லிடலாமா, மறைக்கணுமா? அம்மா ராத்திரியெல்லாம் தூங்கறதே இல்லை. நாங்க என்னதான் செய்யறது?"

முதலில் அந்த வீடியோக்களை அனுப்புவதை நிறுத்துங்கள். போனைத் தூக்கிப் போட்டதைக் கெட்ட அறிகுறியாக நான் பார்க்கவில்லை. கோபப்படத் தெம்பு இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

முதுகுத்தண்டில் அடிபட்டவர்களோடு வேலை செய்கிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நான், அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்குகிறவர். வார்டில் ஒருவருடைய முகம் எப்போது தெளிகிறது என்று பல வருடமாகப் பார்த்து வருகிறேன். யாரோ உட்கார்ந்து நல்ல வார்த்தை சொன்னதால் தெளிந்ததை அதிகம் பார்த்ததில்லை. படுக்கை நனையாமல் ஒரு வாரம் போனால் தெளிகிறது. யாரும் தூக்காமல் தானே கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறிய அன்று தெளிகிறது. வலி குறைந்து ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தால் தெளிகிறது. அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில் சிறுநீர்ப்பையிலிருந்து தொடங்குகிறது. சங்கடப்படாமல் படியுங்கள்.

டி12 என்றால் கைகள் இரண்டும் முழு பலத்தோடு இருக்கின்றன. நெஞ்சுத் தசையும் வயிற்றுத் தசையும் பெரும்பாலும் வேலை செய்யும். பயிற்சி கிடைத்தால் இந்த அளவில் அடிபட்ட ஒருவர் தானே உடை மாற்றலாம், குளிக்கலாம், கட்டிலிலிருந்து வீல்சேருக்கும் வீல்சேரிலிருந்து ஸ்கூட்டருக்கும் மாறலாம், சமைக்கலாம், வேலைக்குப் போகலாம். தனியாக ஒரு வீட்டில் இருக்கக்கூட முடியும். இன்றைக்கு உங்கள் தம்பி இருக்கும் நிலைக்கும் இதற்கும் நடுவில் இருப்பது பயிற்சிதான். நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், ஆபரேஷன் முடிந்து தையல் ஆறியதும் நேராக வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிசியோ வந்து காலை மடக்கி நீட்டிவிட்டுப் போவார். மறுவாழ்வுப் பயிற்சி என்று தனியாக ஒன்று இருப்பதே குடும்பத்துக்குத் தெரிவதில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது. இனி வாழ்நாள் முழுக்க இந்தக் கட்டில்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவன் சுவர்ப் பக்கம் திரும்பத்தான் செய்வான்.

இன்னும் டியூபும் மூத்திரப் பையுமாகத்தான் இருக்கிறானா? அப்படியென்றால் யூராலஜிஸ்டைப் பார்த்து, சிஐசி பழக்கலாமா என்று கேளுங்கள். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அவனே ஒரு மெல்லிய குழாயை விட்டுச் சிறுநீரை வெளியேற்றிவிட்டு, குழாயை எடுத்துவிடுவது. ஒவ்வொரு முறையும் 400, 500 மில்லிக்கு மேல் சேராமல் பார்த்துக்கொண்டால் போதும். கேட்கப் பயமாக இருக்கும். ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் வேண்டுமே என்று தோன்றும். வேண்டியதில்லை. அமெரிக்காவின் மிச்சிகனில் ஜாக் லாபிடஸ் என்ற மருத்துவர் 1972-இல் இதைக் காட்டினார்: கிருமியே இல்லாத சூழல் தேவையில்லை, சோப்புப் போட்டுக் கைகழுவி, சுத்தமான குழாயை நேரம் தவறாமல் பயன்படுத்தினால் போதும். சிறுநீர்ப்பை நிரம்பி உப்பாமல் இருப்பதுதான் முக்கியம். சிறுநீரகத்தைக் காப்பாற்றிய பெரிய மாற்றம் அது. மனதுக்கும்தான். தொங்குகிற பையோடு எந்த 28 வயதுக்காரன் டீக்கடைக்குப் போவான்? குழாயைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போக முடியும் என்றால் சினிமாவுக்கே போகலாம்.

எல்லோருக்கும் சிஐசி ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். சிறுநீர்ப்பையின் அழுத்தத்தைச் சோதித்துவிட்டு டாக்டர் முடிவு செய்வார். ஆனால் கேட்காமல் இருக்காதீர்கள். காய்ச்சல், சிறுநீரில் நாற்றம் அல்லது கலங்கல், கால் திடீரென்று அதிகமாக வெட்டி இழுப்பது எல்லாம் தொற்றின் அறிகுறிகளாக இருக்கலாம். அவனுக்கு எரிச்சல் தெரியாது என்பதால் இவற்றைத்தான் கவனிக்க வேண்டும்.

அடுத்தது மோஷன். எப்போது போகும் என்று தெரியாமல் இருப்பதுதான் பெரிய அவமானம். பயந்துகொண்டு பலர் சாப்பாட்டையே குறைத்துவிடுகிறார்கள். 'பசிக்கலை' என்று உங்கள் தம்பியும் சொல்கிறானா என்று பாருங்கள். குடலுக்கு நேரம் பழக்கலாம். சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் குடலில் இயல்பாகவே ஓர் அசைவு வரும். அந்த நேரத்தில், தினமும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள், கமோட் நாற்காலியில் உட்கார வேண்டும். சப்போசிட்டரி (ஆசனவாயில் வைக்கும் மருந்து) அல்லது கையுறை போட்ட விரலால் தூண்ட வேண்டும். இதையும் அவனே செய்யக் கற்றுக்கொள்ளலாம். படிய சில வாரம் ஆகும். படிந்த பிறகு மற்ற நேரமெல்லாம் அவனுடையது. இவ்வளவு வெளிப்படையாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உற்சாகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் இதைப் பேசுவதில்லை. அம்மாவோ அக்காவோ தினமும் துடைத்துவிடும் நிலையில் இருக்கும் ஓர் ஆளிடம் மனத்திடம் பற்றிப் பேசுவது எனக்குக் கொடுமையாகப் படுகிறது.

தோலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாட்டர் பெட் வாங்கியிருப்பீர்கள். நல்லதுதான். ஆனால் அதை நம்பித் திருப்பிப் போடாமல் விட்டுவிடக் கூடாது. படுத்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது கால் மணி, அரை மணிக்கு ஒரு முறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் சாய்ந்து எடையை மாற்ற வேண்டும். நடுவில் ஓட்டை வைத்த வளையத் தலையணையை யாராவது சிபாரிசு செய்தால் வேண்டாம். சுற்றியுள்ள தோலுக்கு ரத்தம் போவதை அது தடுத்துவிடும். கைக்கண்ணாடி ஒன்றை வாங்கிக் கொடுத்து, ராத்திரி படுக்கும்முன் இடுப்பையும் குதிகாலையும் அவனையே பார்க்கச் சொல்லுங்கள். சூடான பாத்திரத்தை மடியில் வைக்கக் கூடாது. பைக் சைலன்ஸர் பக்கம் கால் போகக் கூடாது. சுடுவது தெரியாது. இடுப்பில் ஒரு படுக்கைப்புண் வந்தால் ஆறுவதற்கு மாதக்கணக்கில் குப்புறக் கிடக்க வேண்டிவரும். அந்த மாதங்களில் எந்த மனமும் இருண்டுதான் போகும்.

இந்தத் துறையே இப்படித்தான் பிறந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு முதுகுத்தண்டு அறுபட்டவர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்துக்குள் படுக்கைப்புண்ணாலோ மூத்திரத் தொற்றாலோ இறந்துபோனார்கள். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த லுட்விக் குட்மன் என்ற யூத நரம்பியல் மருத்துவரிடம் 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இப்படிப்பட்ட வீரர்களுக்கான வார்டு ஒன்று ஒப்படைக்கப்பட்டது. அவர் முதலில் செய்தது, இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு தடவை எல்லோரையும் திருப்பிப் போட வைத்தது, மூத்திரத் தொற்று வராமல் பார்த்துக்கொண்டது. அப்புறம் மரவேலை, கடிகாரம் பழுது பார்ப்பது என்று கைக்கு வேலை கொடுத்தார். அதன்பின் விளையாட்டு. 1948-இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே ஜூலை 29 அன்று 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பாராலிம்பிக் அதிலிருந்து வளர்ந்ததுதான். வரிசையைக் கவனியுங்கள். தோல், மூத்திரம், வேலை, விளையாட்டு. பதக்கத்தை மட்டும் காட்டும் வீடியோக்களில் முதல் இரண்டும் வராது.

வலியை விட்டுவிட்டேன். உணர்ச்சி இல்லாத காலில் வலி எப்படி என்று வீட்டில் கேட்பார்கள். இருக்கும். எரிவது போல, கரண்ட் அடிப்பது போல, காலைப் பிழிவது போல இருக்கும். நரம்பு வலி. ராத்திரியில்தான் அதிகம். உணர்வே இல்லை என்று எல்லோரும் சொல்வதால் பலர் வெளியே சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். சாதாரண வலி மாத்திரைக்கு இது கேட்காது. பிரீகபாலின், கபாபென்டின் போன்ற மருந்துகள் இதற்காகவே இருக்கின்றன. டாக்டர் அளவு பார்த்துக் கொடுப்பார். 'வலிக்குதா' என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்வான். 'கால் எரியுதா, ராத்திரி எத்தனை தடவை முழிக்கிறே' என்று கேளுங்கள்.

சரி, நடப்பானா என்ற கேள்விக்கு வருவோம்.

மறைக்காதீர்கள். அதே நேரத்தில் அந்த வாக்கியத்தை நீங்கள் சொல்ல வேண்டாம். டாக்டர் சொல்ல வேண்டும், அவனிடமே சொல்ல வேண்டும். அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு உங்களை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொல்லக் கூடாது. காயம் எவ்வளவு முழுமையானது என்று காட்ட, ரிப்போர்ட்டில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்து எழுதியிருப்பார்கள். ஏ என்றால் ஆசனவாய்ப் பகுதியில் உணர்ச்சியோ இறுக்கமோ கொஞ்சமும் இல்லை, காயம் முழுமையானது என்று பொருள். பி, சி, டி என்றால் ஏதோ ஒரு செய்தி இன்னும் கீழே போய் வருகிறது. திரும்பி வரக்கூடியதில் பெரும்பகுதி முதல் ஆறு, ஒன்பது மாதத்தில் வந்துவிடும். அப்புறம் இரண்டு வருடம் வரைக்கும் சின்னச் சின்ன மாற்றங்கள் இருக்கலாம். உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிறது. ஒரு முறை முழுப் பரிசோதனை செய்து, முதல் பரிசோதனையோடு ஒப்பிட்டு, டாக்டரை அவன் முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். அன்றைக்கு அழுவான். அழட்டும். சந்தேகத்தில் கிடப்பதைவிட அது சீக்கிரம் கரையும்.

'தை மாசத்துக்குள்ள எழுந்து நடந்துடுவே' என்று சொந்தக்காரர் யாராவது சொல்வார்களே, அதுதான் ஆபத்து. தை வந்து போகும். வேண்டுதல் வைக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பழனிக்குப் போகட்டும், வேளாங்கண்ணிக்குப் போகட்டும். அவனையும் வீல்சேரில் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது, ஊரைப் பார்த்த மாதிரியும் இருக்கும். ஆனால் ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடந்துவிடலாம் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் வருவார்கள். ஒருவேளை இதற்குள் வந்திருப்பார்கள். முதுகுத்தண்டுக் காயத்துக்கு ஸ்டெம் செல் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. முறையான அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே அதைச் சிகிச்சையாகக் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல். நிலத்தை விற்காதீர்கள். அந்தப் பணத்தில் பாத்ரூமை மாற்றலாம், நல்ல வீல்சேர் வாங்கலாம், மூன்று மாதப் பயிற்சிக்குப் போகலாம்.

வீல்சேர் வாங்கினால் நம்பிக்கையை விட்டுவிட்டதாக அவன் நினைப்பானோ என்று பயந்து கட்டிலுக்குப் பின்னால் மடக்கி வைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கால்கள் திரும்புமா என்று காத்திருக்கும் காலத்திலும் வெளியே போக ஒன்று வேண்டாமா? கேலிப்பர் (காலைத் தாங்கும் சட்டம்) மாட்டி வாக்கர் பிடித்து டி12 ஆட்கள் கொஞ்ச தூரம் நடப்பதுண்டு. எலும்புக்கும் உடம்புக்கும் நல்லதுதான். ஆனால் மூச்சு வாங்கும், நேரம் ஆகும். அன்றாட வேலைக்குப் பெரும்பாலானவர்கள் கடைசியில் வீல்சேரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சோம்பலால் அப்படிச் செய்வதில்லை. கை இரண்டும் வேலைக்கு மிச்சமாகும் என்பதால்தான்.

'ஒரு வருஷம் போனா எல்லாம் பழகிடும், லாட்டரி அடிச்சவனும் கால் போனவனும் ஒரே மாதிரி சந்தோஷமாத்தான் இருப்பாங்கன்னு ஆராய்ச்சியே இருக்கு' என்று யாராவது சொல்வார்கள். அந்த ஆய்வு 1978-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 22 லாட்டரிக்காரர்கள், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேர், சாதாரண மக்கள் 22 பேர். அதில் ஒரே மாதிரி என்று வரவில்லை. இப்போது எவ்வளவு சந்தோஷம், 5-க்கு எவ்வளவு என்று கேட்டதற்குச் சாதாரண மக்களின் சராசரி 3.82, விபத்தில் அடிபட்டவர்களின் சராசரி 2.96. குறைவுதான். ஆனால் பார்ப்பவர்கள் நினைப்பதுபோல பாதாளத்திலும் இல்லை. அடிபட்டுச் சில மாதங்களே ஆனவர்கள் அந்த எண்ணைச் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்கள் தம்பிக்கு இன்று துக்கம் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். கால் போனதற்கு, வேலை போனதற்கு, பைக் போனதற்கு ஒருவன் துக்கப்படுவதை நோய் என்று நினைக்காதீர்கள்.

நோயாக மாறுவதும் உண்டு. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. அதாவது எல்லோருக்கும் வருவதில்லை, ஆனால் வந்தால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய ஒன்று. துக்கத்தில் இருப்பவன் நண்பன் வந்தால் கொஞ்சம் சிரிப்பான், கிரிக்கெட் ஸ்கோர் கேட்பான், பிடித்த குழம்பு வைத்தால் இன்னொரு கரண்டி கேட்பான். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே ஒட்டாமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டு, தன்னையே திட்டிக்கொண்டிருந்தால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் கொடுக்கும் சில மருந்துகள் நரம்பு வலிக்கும் சேர்த்து உதவும். 'நான் அன்னைக்கே போயிருக்கலாம்' என்று அவன் சொன்னால் வாயை மூடு என்று அதட்டாதீர்கள். 'சாகணும்னு தோணுதா' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்துங்கள், அன்றே டாக்டரிடம் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். செலவு இல்லை.

எங்கே போவது? வேலூரில் சிஎம்சி-யின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் இருக்கிறது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். கோவையிலும் முதுகுத்தண்டுப் பயிற்சி தரும் இடங்கள் உண்டு, உங்களுக்கு அதுதான் பக்கம். உள்ளே தங்கிப் பழகுவது போல வீட்டில் பழக முடியாது. அங்கே பத்துப் பேர் வீல்சேரில் சுற்றிக்கொண்டிருப்பார்கள் என்பதே பாதி வைத்தியம்.

பாகாயம் நிலையம் வந்த கதையை அவனிடம் சொல்ல வேண்டாம், உங்களுக்குச் சொல்கிறேன். மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் 1954-இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அறுபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அவர் திரும்பி எழக் காரணம் யாரோ ஊட்டிய தைரியம் மட்டும் இல்லை. தொழுநோயாளிகளின் கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்ய முடியும் என்று வேலூரில் கண்டார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடி அவர் ஆபரேஷன் செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். 1966-இல் அந்த நிலையம் திறந்தது. ஆய்க்குடி கதையும் அப்படித்தான். எஸ். ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர் 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இருவருக்கும் கிடைத்தது, இருக்கிற உடம்பால் செய்யக்கூடிய, பிறருக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற ஒரு வேலை. 'பாரு, அவங்கல்லாம் எப்படி சாதிச்சாங்க' என்று மட்டும் தம்பியிடம் சொல்லிவிடாதீர்கள். படுத்திருப்பவன் காதில் அது திட்டாகத்தான் விழும்.

அவனுக்குத் தேவை பத்மஸ்ரீ வாங்கினவர் இல்லை. பவானியிலோ பெருந்துறையிலோ வீல்சேரில் இருந்துகொண்டு செல்போன் கடை நடத்தும் ஓர் ஆள். பயிற்சி நிலையத்தில் கேட்டால் யாரையாவது கைகாட்டுவார்கள். அவர் வரும்போது நீங்கள் காப்பி கொடுத்துவிட்டு வெளியே போய்விடுங்கள். உங்களிடம் கேட்க முடியாததையெல்லாம் அவரிடம் கேட்பான். அடிபட்டவர்கள் இருவர் பேச ஆரம்பித்தால் முதலில் பேசுவது எந்த பிராண்டு டயர், எப்படி பஸ்ஸில் ஏறினாய் என்பதைத்தான். கல்யாணம், தாம்பத்தியம் பற்றிய கேள்வியும் அங்கேதான் வெளியே வரும். உங்கள் கடிதத்தில் அது இல்லை, ஆனால் 28 வயதுக்காரன் மனதில் கட்டாயம் இருக்கும். மாத்திரைகள், கருவிகள் உதவியோடு தாம்பத்தியமும் குழந்தையும் பலருக்கு முடிகிறது. ஓர் ஆண் டாக்டரோ கவுன்சிலரோ தனியாகப் பேசட்டும்.

கைக்கு வேலை கொடுக்க அவன் தேறும்வரை காத்திருக்காதீர்கள். எலெக்ட்ரீஷியன்தானே. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடவில்லை, டேபிள் ஃபேன் சுற்றவில்லை என்றால் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பரிதாபத்துக்குக் கொடுக்கக் கூடாது. உண்மையிலேயே கெட்டுப்போன மிக்ஸியாக இருக்க வேண்டும், சரிசெய்தால் காசு கொடுக்க வேண்டும். வீட்டு விஷயங்களிலும் அவனைக் கேட்டு முடிவெடுங்கள். டாக்டர் அறையில் 'இவனுக்குத் தூக்கம் வரலைங்க' என்று அவன் சார்பில் நீங்கள் பேசாதீர்கள். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே. துக்கம் விசாரிக்க வருபவர்கள் அழுவதாக இருந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மரியாதைக் குறைவாக நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

வாசல் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆறு அங்குல உயரப் படி ஒன்றுக்கு ஆறு அடி நீளச் சரிவு வேண்டும், 1-க்கு 12 என்பது கணக்கு. கொத்தனார் குட்டையாகப் போடத்தான் பார்ப்பார், விடாதீர்கள். பாத்ரூம் கதவு குறைந்தது 80 சென்டிமீட்டர் அகலம் திறக்க வேண்டும். கதவு எடுத்துவிட்டுத் திரை போட்டாலும் சரி. தானே உள்ளே போய்த் தனியாக இருக்க முடிகிறதா என்பதற்கும் அவன் முகம் எப்படி இருக்கிறது என்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

பணக் கவலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலையிடத்தில் விழுந்திருக்கிறான். வேலையிட விபத்துக்குச் சட்டப்படி இழப்பீடு கோரலாம், விபத்து நடந்த இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) இருந்தால் அதன் வழி. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதப் பராமரிப்புத் தொகை, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் பற்றிக் கேளுங்கள். ஸ்கூட்டரை முதலில் கேளுங்கள் என்பேன். மனுக்களை அவனே எழுதட்டும்.

கடைசியாக அம்மா. இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து திருப்பிப் போடுகிறார், அதனால்தான் தூக்கம் இல்லை என்று நினைக்கிறேன். கட்டிலின் பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தால் கைபலம் உள்ள உங்கள் தம்பி அலாரம் வைத்துத் தானே புரள்வான். தோல் நன்றாக இருந்தால் ராத்திரி இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டலாமா என்றும் டாக்டரிடம் கேட்கலாம். அவனைத் தூக்குவதை அம்மா இன்றோடு நிறுத்த வேண்டும், இடுப்பு போய்விடும். வழுவழுப்பான பலகை ஒன்றைக் கட்டிலுக்கும் வீல்சேருக்கும் நடுவில் வைத்து, அதன்மேல் நகர்ந்து மாறப் பிசியோவிடம் கற்றுக்கொள்ளட்டும். தச்சரிடம் சொன்னால் அரை நாளில் செய்து கொடுப்பார். இரண்டரை அடி நீளம், ஓரங்களை நன்றாக இழைத்து, ஆணி எதுவும் துருத்தாமல் செய்யச் சொல்லுங்கள். முதல் சில நாள் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும், வீல்சேர் பிரேக் போட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.